தேன் யாருடைய உணவு?

இந்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஒரு விதிப்படி தேன் சைவ உணவு. அதே சட்டத்தின் மற்றொரு விதிப்படி அது நனிசைவ உணவு ஆகாது. பொட்டலங்களின் மீது அச்சிட வேண்டிய குறிகளை வகுத்த விதிகள், விலங்குகளிடமிருந்து பெறப்படும் பொருள் எதுவாயினும் அசைவமே என்று வரையறுத்துவிட்டு, பால், பால் பொருட்கள், தேன், தேன்மெழுகு, அரக்கு உள்ளிட்ட சிலவற்றுக்கு மட்டும் விலக்கு அளிக்கின்றன. தேன் புட்டியில் பச்சைப் புள்ளி இடம்பெறுவது இந்த விலக்கினால்தான். 2022ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட நனிசைவ உணவு ஒழுங்குமுறைகளில் இவ்விலக்குக்கு இடமில்லை என்பதால், ‘வி’ என்னும் எழுத்தும் இலையும் கொண்ட பச்சை முத்திரையைத் தேன் கலந்த எந்தப் பண்டமும் பெற இயலாது.

நனிசைவம் அல்லது வீகன் நெறி என்பது இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றோடு பால், நெய், தேன், பட்டு, தோல் முதலிய விலங்குவழிப் பொருட்கள் அனைத்தையும் இயன்றவரை விலக்கும் வாழ்முறை. 1944இல் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய வீகன் சங்கம், விலங்குகளைத் துன்புறுத்துவதோடு அவற்றைச் சுரண்டுவதையும் விலக்க வேண்டும் என்று இந்நெறிக்கு வரையறை தந்தது. ‘இயன்றவரை, நடைமுறைக்கு ஒத்தவரை’ என்ற நிபந்தனையும் அவ்வரையறையிலேயே உண்டு.

இந்நெறியைப் பின்பற்றுவோருக்கான உணவகங்களும் பண்டங்களும் தமிழக நகரங்களில் பெருகிவரும் இதே காலத்தில், ஒன்றிய அரசு 500 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்தைத் தொடங்கி, ‘இனிப்புப் புரட்சி’ என்ற பெயரில் தேனீப் பெட்டிகளை உழவர்களிடம் கொண்டுசேர்த்து வருகிறது. தேனை மேலும் மேலும் எடுக்கச் சொல்லும் கொள்கைக்கும் அதைத் தொடவே கூடாது என்னும் அறத்துக்கும் இடையே நிற்கும் பொதுவாசகருக்கு இயல்பாக எழும் ஐயம் ஒன்று உண்டு. கன்றின் பங்கு பறிபோவதால் பாலை விலக்குகிறார்கள் என்பதாவது விளங்குகிறது; பூவில் இருப்பதைத் தேனீ எடுக்கிறது, தேனீயிடம் இருப்பதை மனிதர் எடுக்கிறார்கள், இதில் யாருக்கு என்ன நட்டம் என்பதே அந்த ஐயம்.

பூவில் இருப்பது தேன் அன்று

பூவில் சுரப்பது நான்கில் மூன்று பங்கு வரைகூட நீராகவே இருக்கும் இனிப்புச் சாறு. பணித் தேனீ அதை உறிஞ்சித் தன் செரிமான இரைப்பைக்கு முன்னுள்ள தேன்பையில் நிரப்பிக்கொண்டு கூடு திரும்ப, அங்குள்ள தேனீக்கள் அதை வாய்க்கு வாய் மாற்றி, தம் சுரப்பிகளிலிருந்து வரும் நொதிகளைச் சேர்த்து, சாற்றிலுள்ள சர்க்கரையைக் குளுக்கோசாகவும் ஃபிரக்டோசாகவும் பிரிக்கின்றன. பின்னர் அதை அடையின் அறைகளில் மெல்லிய படலமாகப் பரப்பி, நீரின் அளவு 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்வரை சிறகால் விசிறி ஆற்றி, கெட்டுப்போகாத பதம் வந்ததும் மெழுகால் மூடி முத்திரையிடுகின்றன.

கோடையில் சுமார் ஆறு வாரங்களே வாழும் ஒரு பணித் தேனீ தன் வாழ்நாள் முழுவதும் உழைத்துச் சேர்ப்பது, ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு. அரைக் கிலோ தேனுக்கு ஒரு கூட்டம் ஏறக்குறைய 20 லட்சம் பூக்களை நாட வேண்டியிருக்கும் என்பது தேனீ ஆய்வாளர்களின் மதிப்பீடு. தேனை வைக்கும் மெழுகு அடையைக் கட்டுவதற்கும் தேனே செலவாகிறது. ஒரு கிலோ மெழுகைச் சுரக்கத் தேனீக்கள் பல கிலோ தேனை உண்ண வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டுத் தேனீக்கள் தேனைச் சேமிப்பது பூ இல்லாத காலத்துக்காக. குளிர்நாடுகளில் பனிக்காலம் முழுவதும் கூட்டம் நெருங்கித் திரண்டு உடல்வெப்பத்தைக் காப்பதற்கு அந்தச் சேமிப்பே எரிபொருள். தமிழகத்தின் தென்கோடியில், தேனீக்களுக்குச் சாறு தரும் ரப்பர்த் தளிர் முற்றி மழை தொடங்கிய பின் வரும் மாதங்களைக் கடப்பதற்கும் அதுவே கைம்முதல். அறுவடைக்குப் பின் குதிரில் சேர்த்துவைத்த நெல் ஒரு குடும்பத்துக்கு எதுவோ, அதுவே கூட்டுக்குத் தேன் என்பதுதான் நனிசைவரின் முதல் வாதம்.

கொல்லாமல் எடுப்பதும் எடுத்தல்தானே?

தேனை விலக்கும் அறம் இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் முளைத்த புதுமை என்று நினைப்பதற்கு இடமில்லை. சமந்தபத்திரர் வடமொழியில் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், இல்லறத்தாருக்கான அடிப்படை ஒழுக்கங்களில் கள், ஊன் ஆகியவற்றுடன் தேனையும் விலக்கச் சொல்கிறது. அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்த சமண நூலே அருங்கலச்செப்பு. வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் இன்றும் வாழும் தமிழ்ச் சமணர்களின் நெறியில் தேன் விலக்கு பல நூற்றாண்டுப் பழமை உடையது.

சிரியாவின் மஅர்ரா என்னும் ஊரில் 973 முதல் 1057 வரை வாழ்ந்த கண்பார்வையற்ற அரபுக் கவிஞர் அபுல் அலா அல்-மஅர்ரி, இறைச்சி, மீன், பால், முட்டை ஆகியவற்றோடு தேனையும் துறந்தவர். தேனீக்கள் அதைப் பிறருக்குக் கொடை தருவதற்காகச் சேர்க்கவில்லை என்பது அவர் கூறிய காரணம்.

இவ்விரு மரபுகளுக்கும் இடையேயுள்ள வேறுபாடு இன்றைய விவாதத்துக்கு மிகவும் பயன்படும். சமணரின் தடை முதன்மையாகக் கொலையைப் பற்றியது. அக்காலத்தில் தேன் எடுப்பதென்றால் தீயும் புகையும் காட்டித் தேனீக்களை விரட்டி, முட்டையும் புழுவும் நிறைந்த அடையைத் தேனோடு சேர்த்துப் பிழிவதே வழக்கம் என்பதால், ஒரு துளித் தேனிலும் பல உயிர்களின் இறப்பு கலந்திருந்தது. ஐரோப்பாவிலும் வைக்கோல் கூடைகளில் தேனீ வளர்த்தவர்கள், தேனை எடுப்பதற்காகக் கந்தகப் புகையிட்டு முழுக் கூட்டத்தையும் கொல்வதுண்டு.

இந்த நிலையை மாற்றியது பெட்டி. 1851இல் அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ராத், தேனீக்கள் தம் அடைகளுக்கு நடுவே சுமார் 8 மில்லிமீட்டர் நடைவழியை மெழுகால் அடைக்காமல் விட்டுவைக்கும் என்ற உண்மையைப் பயன்படுத்தி, கழற்றி மாட்டக்கூடிய சட்டங்கள் கொண்ட பெட்டியை உருவாக்கினார். திருச்சிராப்பள்ளியில் பணிபுரிந்த இயேசு சபைப் பாதிரியார் நியூட்டன் அதை இந்தியத் தேனீயின் சிற்றுடலுக்கு ஏற்பச் சுருக்கியமைத்தார்; 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. அமைத்த ஊரகப் பயிற்சி மையம் தேனீ வளர்ப்பைக் குமரி மாவட்டத்தின் வீட்டுத் தொழிலாக்கியது. கீழே புழு அறை, மேலே தேன் அறை எனப் பிரிந்த இப்பெட்டியில், தேன் நிறைந்த சட்டத்தை மட்டும் உருவி, மூடியைச் சீவி, சுழலும் கருவியில் இட்டுத் தேனைப் பிரித்தபின், அடையைச் சேதமின்றித் திரும்ப வைத்துவிடலாம்.

ஆகவே, சமணரின் பழைய மறுப்புக்குப் பெட்டி பெரும்பகுதி விடையளித்துவிட்டது என்றே கூற வேண்டும். நனிசைவரின் மறுப்பு அதன்பின்னும் எஞ்சுகிறது. ஏனெனில் அது கொலையோடு நிற்காமல், ஓர் உயிர் தனக்கெனச் சேர்த்ததை அதன் இசைவின்றி எடுக்கும் உரிமை மற்றோர் உயிருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறது. இக்கேள்வியை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் அறக்கொள்கையைப் பொறுத்தது என்றாலும், தேனீக்கு எந்தத் தீங்கும் இல்லாமல் தேன் கிடைக்கிறது என்ற பதிலைச் சொல்லி அதை எளிதாகக் கடந்துவிட முடியாது.

பெட்டிக்குள் நடப்பவை

வளர்ப்போர் எடுப்பது உபரி மட்டுமே என்று கூறப்படுவதுண்டு. எது உபரி என்பதை முடிவுசெய்பவர் எடுப்பவராகவே இருப்பது ஒருபுறமிருக்க, எடுத்ததற்கு ஈடாகப் பூ வரத்து இல்லாத மாதங்களில் சர்க்கரைப் பாகு வைப்பது உலகெங்கும் வழக்கம். பாகு தேனீக்களைப் பட்டினியிலிருந்து காக்கும் என்பது உண்மையே. ஆனால் தேனிலும் மகரந்தத்திலும் உள்ள கூமாரிக் அமிலம் என்னும் பொருள், தேனீயின் உடலில் நஞ்சைச் சிதைக்கும் மரபணுக்களையும் நோய் எதிர்ப்புக்கான மரபணுக்களையும் தூண்டுகிறது என்று அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் கண்டறிந்தனர். வெறும் சர்க்கரைப் பாகில் அப்பொருள் இல்லை. பூச்சிக்கொல்லி நிறைந்த வயல்களுக்கு நடுவே வாழும் தேனீக்கு இது சிறிய இழப்பு அன்று.

இராணித் தேனீயின் நிலை வேறு. இயல்பாக இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை வாழக்கூடிய இராணியை, முட்டையிடும் வேகம் குறையுமுன்பே ஓராண்டிலோ ஈராண்டிலோ கொன்று மாற்றுவது மேலைநாட்டு வணிகப் பண்ணைகளில் பரவலாக உள்ளது. கூட்டம் பிரிந்து பறந்துவிடாமலிருக்க இராணியின் சிறகு நுனியைக் கத்தரிக்கும் முறையும் உண்டு. இனப்பெருக்க நிலையங்களில், விந்தைச் சேகரிக்கும்போது ஆண் தேனீ இறக்க, கரியமில வாயுவால் மயக்கப்பட்ட இராணிக்குக் கருவி மூலம் அது செலுத்தப்படுகிறது.

தேனைவிடக் கடுமையான கேள்விகளுக்கு உரியவை கூட்டின் பிற பொருட்கள். அழகுப் பொருள் கடைகளில் ராயல் ஜெல்லி என்று விற்கப்படும் அரசக்கூழ், பணித் தேனீக்கள் இராணியாக வளர வேண்டிய புழுவுக்கு ஊட்டும் சுரப்பு. வளர்ப்போர் இராணியை அகற்றி, கூட்டம் புதிய இராணிகளை உருவாக்க முனையும் நிலையை வேண்டுமென்றே ஏற்படுத்தி, செயற்கைக் கிண்ணங்களில் புழுக்களை வைத்து, மூன்றாம் நாளளவில் புழுவை எடுத்தெறிந்துவிட்டுக் கூழை உறிஞ்சி எடுக்கிறார்கள். தேனீ நஞ்சோ, மெல்லிய மின்னோட்டம் பாயும் கம்பிகளில் தேனீக்களைச் சினமூட்டிக் கண்ணாடித் தகட்டில் கொட்ட வைத்துச் சேகரிக்கப்படுகிறது. தேனை உண்பதில் தவறில்லை என்று கருதுவோருங்கூட இவ்விரண்டையும் வாங்குமுன் சற்றுத் தயங்கலாம்.

கலிபோர்னியாவின் பாதாம் தோப்புகளில் இத்தொழிலின் முழு உருவத்தைக் காணலாம். உலகப் பாதாம் விளைச்சலில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் தரும் அத்தோப்புகள் பூக்கும் பிப்ரவரி மாதத்தில், நாட்டின் பல மூலைகளிலிருந்தும் 20 லட்சத்துக்கும் அதிகமான பெட்டிகள் பார வண்டிகளில் அங்கே கொண்டுசெல்லப்படுகின்றன. இவ்வளவு கூட்டங்கள் ஓரிடத்தில் திரளும்போது வரோவா என்னும் உண்ணியும் அது கடத்தும் நச்சுயிரிகளும் எளிதில் பரவுகின்றன. 2024–25 பருவத்தில் அமெரிக்க வணிகத் தேனீ வளர்ப்போர் தங்கள் கூட்டங்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை இழந்ததாகக் கணக்கெடுப்பு காட்டியது.

குமரி மாவட்டத்தின் ரப்பர்த் தோட்டத்தில் சில பத்துப் பெட்டிகளை வைத்திருக்கும் சிறு வளர்ப்பாளரை இந்தத் தொழிற்சாலை முறையோடு ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. ரப்பரின் இளந்தளிர்க் காம்பில் சுரக்கும் சாறு தை முதல் பங்குனி வரை கிடைக்கும்போது தேன் எடுத்து, மழைக்காலத்தில் பாகு வைத்துக் கூட்டத்தைக் காப்பாற்றும் அவர், 1990களின் தொடக்கத்தில் ‘தாய் சாக் புரூட்’ என்னும் நச்சுயிரி நோய் தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் கூட்டங்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் அழித்தபோது தொழிலையே இழந்து மீண்டவர். மேலைநாட்டு நூல்களிலிருந்து வாதங்களை அப்படியே எடுத்தாளும் நனிசைவப் பரப்புரைகள் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அது அவ்வாதங்களின் வலுவையே குறைக்கிறது.

தேனீக்கு வலிக்குமா?

தேனீ உணர்வற்ற சிறு இயந்திரம் என்ற எண்ணம் அறிவியலில் வேகமாகத் தேய்ந்து வருகிறது. உணவின் திசையையும் தொலைவையும் நடனத்தால் தெரிவிக்கும் அதன் திறனை விளக்கியதற்காகக் கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1973இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். வேகமாகக் குலுக்கப்பட்ட தேனீக்கள், ஐயத்துக்குரிய மணத்தைத் தீயதாகவே கருதி ஒதுங்குவதை நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வு 2011இல் காட்டியது. மனச்சோர்வுற்ற மனிதரிடமும் இத்தகைய போக்கு காணப்படுவதுண்டு. லண்டனில் ஆய்வாளர் லார்ஸ் சிட்காவின் குழுவினர் 2022இல் வெளியிட்ட ஆய்வில், வண்டுத் தேனீக்கள் எந்தப் பரிசும் இல்லாதபோதும் விளையாடுவதுபோலச் சிறு பந்துகளை மீண்டும் மீண்டும் உருட்டின.

இவை தேனீ மனிதரைப் போல வலியை உணர்கிறது என்று நிறுவிவிடவில்லை. ஆயினும் ஐயம் இருக்கும் இடத்தில் அதன் பலனைத் தேனீக்கு அளிக்க வேண்டும் என்ற நனிசைவரின் நிலைப்பாடு பகுத்தறிவுக்கு ஒவ்வாதது என்று இனி ஒதுக்க முடியாது. இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், மனிதர் அல்லாத எந்த உயிரினமும் விலங்கே என்று வரையறுப்பதால், எழுத்தளவில் தேனீயும் அதற்குள் அடங்கும் என்பது பலரும் அறியாத செய்தி.

தேன் உண்ணாவிட்டால் தேனீ பிழைக்குமா?

தேனீ வளர்ப்பு நின்றால் மகரந்தச் சேர்க்கை நின்று உணவே இல்லாமல் போகும் என்பது நனிசைவருக்கு எதிராக அதிகம் முன்வைக்கப்படும் வாதம். உலகின் முதன்மை உணவுப்பயிர் வகைகளில் நான்கில் மூன்று ஓரளவேனும் மகரந்தச் சேர்க்கை செய்யும் உயிர்களை நம்பியுள்ளன என்பது உண்மைதான். ஆனால் அவ்வுயிர்கள் எல்லாம் பெட்டித் தேனீக்கள் என்று கொள்வது பிழை. உலகில் 20,000க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை, மனிதர் எடுக்கத்தக்க தேனைச் சேர்க்காதவை. ஓரிடத்தில் பெட்டிகள் மிகும்போது, பூக்களுக்கான போட்டியாலும் நோய்த்தொற்றாலும் இந்தக் காட்டினங்கள் பாதிக்கப்படலாம் என்று பல நாட்டு ஆய்வுகள் எச்சரிக்கின்றன.

இங்கும் தமிழ்நிலத்துக்குரிய திருத்தம் தேவை. அமெரிக்காவில் பெட்டித் தேனீ ஐரோப்பியர் கொண்டுவந்த குடியேறி. இந்தியாவிலோ பாறையிலும் உயர்ந்த மரத்திலும் கூடு கட்டும் மலைத்தேனீ, புதர்க்கிளையில் ஒற்றை அடை கட்டும் கொம்புத்தேனீ, பொந்தில் பல அடை கட்டும் அடுக்குத்தேனீ என்னும் இந்தியத் தேனீ, கொட்டாத கொசுத்தேனீ ஆகிய யாவும் மண்ணின் இனங்கள். 1960களில் வட இந்தியாவில் கொண்டுவரப்பட்ட இத்தாலியத் தேனீ மட்டுமே இங்கு வெளியிலிருந்து வந்தது. அதிகத் தேன் தருவதால் அரசுத் திட்டங்களில் அதற்குத் தனிச் செல்வாக்கு உண்டு. ஆகவே, அடுக்குத்தேனீப் பெட்டி வைப்பதையும் இத்தாலியத் தேனீப் பெட்டிகளை நூற்றுக்கணக்கில் இறக்குவதையும் சூழலியல் நோக்கில் ஒன்றாகக் கருத இயலாது.

பிடிக்காவிட்டால் தேனீ பறந்துபோகலாமே, அது தங்குவதே இசைவு அல்லவா என்று சிலர் கேட்பதுண்டு. இந்தியத் தேனீ உண்மையிலேயே உணவு குறைந்தாலும் தொந்தரவு மிகுந்தாலும் பெட்டியை விட்டு ஓடிப்போகும் இயல்புடையது. புழுவையும் சேமிப்பையும் இழந்து போவது அதற்கு எளிய தெரிவு அன்று என்றாலும், நூற்றாண்டுக் கணக்கில் மேலைநாட்டில் வளர்க்கப்பட்ட இனத்தோடு ஒப்பிட்டால் இங்குள்ள வளர்ப்பாளருக்குத் தேனீயிடம் இருக்கும் பிடி தளர்வானது.

நனிசைவருக்குச் சங்கடம் தரும் கேள்வி வேறொன்று. தேனை விலக்குபவர், பெட்டிகளை வாடகைக்குக் கொண்டுவந்து விளைவித்த பாதாமையும் ஆப்பிளையும் உண்ணலாமா? தேன் சுவைக்காத நாவும் தேனீயின் உழைப்பைச் சார்ந்தே இருக்கிறது என்னும் இம்முரணைச் சுட்டிக்காட்டி, தேன் மட்டும் உண்ணலாம் என்று விலகி நிற்கும் நனிசைவர்களும் உண்டு. பெரும்பான்மையோரின் விடை, வரையறையிலுள்ள ‘நடைமுறைக்கு ஒத்தவரை’ என்ற நிபந்தனையில் அடங்குகிறது. பழமும் காயும் இல்லாமல் வாழ முடியாது, தேன் இல்லாமல் எந்தக் குறையும் இன்றி வாழலாம். முழுமையான விடை அன்று என்றாலும், செய்ய முடிந்ததைச் செய்யாமலிருக்க இம்முரணைக் காரணமாக்கத் தேவையில்லை.

அதே நிபந்தனை நீலகிரியின் குறும்பருக்கும் இருளருக்கும் பொருந்தும். செங்குத்துப் பாறையில் காட்டுக்கொடி ஏணியில் இறங்கி மலைத்தேன் எடுக்கும் இம்மக்களின் உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறுவனப் பொருட்களில் தேனையும் சேர்த்து உறுதிசெய்திருக்கிறது. நகரத்து அங்காடியில் பத்து வகை இனிப்புகளிலிருந்து ஒன்றைத் தேர்பவருக்குரிய அளவுகோலால் அவர்களை அளப்பது அறத்தின் பெயரால் செய்யும் அநீதி. புழுப் பகுதியை விட்டுவிட்டுத் தேன் பகுதியை மட்டும் அறுப்பது, தீப்பந்தத்தைத் தவிர்ப்பது போன்ற முறைகளைக் கோத்தகிரியைச் சேர்ந்த கீஸ்டோன் அறக்கட்டளை பல்லாண்டுகளாக அவர்களுடன் இணைந்து வலியுறுத்தி வருகிறது.

அன்றாட வாழ்வில்

தேனை விலக்குவதால் உடலுக்கு இழப்பு எதுவும் இல்லை. அதில் ஏறத்தாழ 80 விழுக்காடு சர்க்கரை, 17 விழுக்காடு நீர்; எஞ்சிய சிறு பங்கில் உள்ள தாதுக்களும் உயிர்ச்சத்துகளும் ஒரு கரண்டி அளவில் பொருட்படுத்தத்தக்கவை அல்ல. பனம்பாகு, கருப்பட்டிப் பாகு, பேரீச்சம்பழப் பாகு ஆகியவை சமையலில் அதன் இடத்தை நிரப்பும். கருப்பட்டியை வாங்கினால் நலிந்துவரும் பனைத் தொழிலுக்கும் சிறிது துணை கிடைக்கும். நீரிழிவு உள்ளவர்கள் இவற்றையும் தேனைப் போலவே சர்க்கரையாகக் கணக்கில் கொள்ள வேண்டும்.

சிக்கல் எழுவது கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான். பழனிப் பஞ்சாமிர்தத்தில் தேன் உண்டு. லேகியங்களில் தேனும் நெய்யும் சேரும். சித்த மருத்துவத்தில் சூரணத்தைக் குழைத்து உண்பதற்குத் தேன் முதன்மையான அனுபானம், அதாவது மருந்தோடு சேர்த்து உட்கொள்ளும் துணைப்பொருள். மிட்டாய்களின் பளபளப்புக்கும் உதட்டுப் பசைக்கும் தேன்மெழுகு பயன்படுகிறது. மருந்தின் அனுபானமாக வெந்நீரோ பனைவெல்லமோ பொருந்துமா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்வதே முறை. தானாக மாற்றுவது கூடாது.

தேன் உண்போருக்கும் இங்கே ஓர் எச்சரிக்கை உரியது. பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டு வைக்கும் சேனை வழக்கத்தை மருத்துவர்கள் ஏற்பதில்லை. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் வித்துகள், ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சை உண்டாக்கலாம்.

கலப்படமும் இந்த விவாதத்துக்கு உரியதே. அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட சோதனையில், 13 வணிகப் பெயர்களில் 3 மட்டுமே எல்லாத் தேர்வுகளிலும் தேறின; நிறுவனங்கள் அம்முடிவை மறுத்தன. ஐரோப்பிய ஆணையம் 2023இல் வெளியிட்ட அறிக்கையில், இறக்குமதித் தேன் மாதிரிகளில் 46 விழுக்காடு ஐயத்துக்குரியவையாக இருந்தன. அரிசிப் பாகு மிகுந்த புட்டியில் தேனீயின் பங்கு குறைவு என்பதால் நனிசைவருக்கு அதுவே நெருக்கமானது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். பாதிப்பு என்னவோ இரு தரப்புக்கும் உண்டு. மலிவுப் பாகு கலந்த தேனோடு விலையில் போட்டியிட முடியாத நேர்மையான வளர்ப்பாளர், கூட்டுக்கு விடவேண்டிய தேனையும் எடுத்து விற்கும் நெருக்கடிக்குத் தள்ளப்படுகிறார்.

செய்யத்தக்கவை

முதலில் சீர்செய்ய வேண்டியது தேன் புட்டியின் மேற்சீட்டு. ஐரோப்பிய ஒன்றியம் கலவைத் தேனில் எந்தெந்த நாட்டின் தேன் எவ்வளவு விழுக்காடு என்பதை 2026 ஜூன் முதல் அச்சிட வேண்டும் என்று விதித்துள்ளது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்கு ஒரு படி மேலே சென்று, தேனீயின் இனம், காட்டுத்தேனா பெட்டித்தேனா என்பது, எடுத்த மாவட்டம், எடுத்த மாதம் ஆகியவற்றை அச்சிடச் செய்யலாம். தேன், தேன்மெழுகு, அரசக்கூழ் சேர்ந்த சித்த, ஆயுர்வேத மருந்துகளிலும் அழகுப் பொருட்களிலும் அச்செய்தி பெரிய எழுத்தில், தமிழிலும் இருத்தல் வேண்டும். நனிசைவ உணவகங்கள் தங்கள் இனிப்புகளில் எந்தப் பாகு சேர்கிறது என்பதைப் பட்டியலிலேயே குறிப்பிடலாம்.

தேனீ வளர்ப்புப் பயிற்சிகளில் எவ்வளவு எடுப்பது என்பதோடு எவ்வளவு விடுவது என்பதும் கற்பிக்கப்பட வேண்டும். புழு அறையின் தேனைத் தொடாமல் விடுவது, பஞ்சகாலத்துக்குப் போதிய சேமிப்பைத் தேன் அறையிலும் நிறுத்திவைப்பது, பாகைப் பட்டினி காக்கும் கடைசி வழியாக மட்டும் கொள்வது ஆகியவற்றை மானியத்தின் நிபந்தனைகளாக்கலாம். அதனால் குறையும் வருமானத்தை, புவிசார் குறியீடு பெற்ற மார்த்தாண்டம் தேன் போன்றவற்றுக்கு நியாய விலை கிடைக்கச் செய்து ஈடுகட்டலாம். தமிழகத்தில் புதிதாக வழங்கும் பெட்டிகளில் இந்தியத் தேனீக்கும் கொசுத்தேனீக்கும் முன்னுரிமை தருவது பொருத்தம். அரசக்கூழுக்கும் தேனீ நஞ்சுக்கும் பொதுப்பணத்தில் ஊக்கம் தரும் திட்டங்களைக் கைவிடலாம்.

எத்தனை பெட்டிகள் வழங்கப்பட்டன என்ற எண்ணிக்கையால் மட்டும் தேனீ நலனை அளக்கும் வழக்கத்தை வேளாண் துறை மாற்றிக்கொண்டு, வட்டாரந்தோறும் காட்டுத் தேனீ இனங்களையும் அவற்றின் கூடுகளையும் கணக்கெடுக்க வேண்டும். ஊராட்சிகள் வேலி ஓரங்களிலும் ஏரிக்கரைகளிலும் புங்கம், இலுப்பை, நாவல், வேம்பு போன்ற மரங்களை நடலாம். உழவர்கள் வரப்பில் தட்டைப்பயறோ எள்ளோ பூக்க விட்டு, சூரியகாந்தியும் வெள்ளரியும் பூத்திருக்கும் நாட்களில் பூச்சிக்கொல்லியைக் காலையில் தெளிக்காமல், தேனீக்கள் கூடு திரும்பிய பின், தவிர்க்க முடியாதபோது மட்டும், அருகில் பெட்டி வைத்திருப்போருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தெளிக்கலாம்.